எம்-புக்கைக் காட்டச் சொல்லுங்கள்: வாசகர் கேள்வி - பதில்

2022 மார்ச்சில் பதவியேற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்து ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் நகர நிர்வாகத்தில் நேர்மை பற்றி என்ன கேட்கலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பாதிக் கடிதங்களில் வசவு, மீதியில் கேள்வி. வசவுகளைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில்.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் சார்பில் வார்டில் நிற்கும் எல்லா வேட்பாளர்களிடமும் 'லஞ்சம் வாங்க மாட்டேன்' என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்கப் போகிறோம். சரியான யோசனைதானே சார்?
*- ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆவடி*

தாராளமாக வாங்குங்கள் அம்மா, எல்லாரும் போடுவார்கள். சிக்கலே அதுதான். வாங்குகிற ஆளும் போடுவார், வாங்காத ஆளும் போடுவார், ஜெயித்த பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? சொன்னதைச் செய்தாரா இல்லையா என்று வெளியிலிருந்தே பார்க்க முடிகிற விஷயங்களாக எழுதி வாங்குங்கள்.

முதலில் போர்டு. ரோடோ, மழைநீர் வடிகாலோ, தெருவிளக்கோ, வார்டில் எந்த வேலை தொடங்கினாலும் அன்றைக்கே தெருமுனையில் ஒரு போர்டு நிற்க வேண்டும்: என்ன வேலை, எஸ்டிமேட் எவ்வளவு, கான்ட்ராக்டர் யார், எப்போது முடிய வேண்டும், கெட்டுப்போனால் எத்தனை வருஷம் வரைக்கும் அவர் செலவில் சரிசெய்து தர வேண்டும். இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம், பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுவார்கள். போர்டு இருக்கிறதா இல்லையா என்று பால் வாங்கப் போகிறவர்கூடச் சொல்லிவிடலாம், அதற்கு விசாரணைக் கமிஷன் வேண்டாம்.

அப்புறம், அவரோ அவர் குடும்பத்தாரோ மாநகராட்சியில் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறார்களா, இனி எடுப்பார்களா என்று கேளுங்கள். கவுன்சிலர் மாநகராட்சி ஒப்பந்தத்தில் பங்குடையவராக இருக்கக் கூடாது என்று 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டமே சொன்னது. நூறு வருஷத்தில் நம் ஆட்கள் அதற்குக் கண்டுபிடித்த மாற்று வழி மைத்துனன். அதனால் கேள்வியில் மைத்துனனையும் சேர்த்தே எழுதுங்கள்.

வேட்புமனுவோடு சொத்து, வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கிறார்கள் இல்லையா, அதே படிவத்தை வருஷா வருஷம் நிரப்பி உங்கள் சங்க நோட்டீஸ் போர்டில் ஒட்டத் தயாரா என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் சரி என்றவர்கள் இதற்கு 'தலைமையைக் கேட்டுச் சொல்கிறேன்' என்பார்கள். அப்படிச் சொன்னதையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவுக்கு ரோடு போட்டார்கள், ஒரு மழைக்குத் தாங்கவில்லை. கவுன்சிலரைக் கேட்டால் ஏ.இ.யைக் (உதவிப் பொறியாளரை) கேள் என்கிறார், ஏ.இ. கான்ட்ராக்டரைக் கை காட்டுகிறார். தேர்தலில் இதை எப்படிக் கேள்வியாக்குவது?
*- மளிகைக் கடைக்காரர், அம்பத்தூர்*

'ரோடு மோசம்' என்று சொன்னால் 'போட்டுத் தருகிறேன்' என்று பதில் வரும், அவ்வளவுதான், அதோடு பேச்சு முடிந்துவிடும். எம்-புக்கைக் கேளுங்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எந்த வேலையானாலும் எவ்வளவு நீளம், அகலம், கனம் என்று பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம்தான் எம்-புக். அதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகிறது. கமிஷன் பேச்சு எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், கடைசியில் அந்தத் திருட்டு ஒரு பொய் அளவாக இந்தப் புத்தகத்தில்தான் வந்து உட்கார வேண்டும். 40 மில்லிமீட்டர் கனம் என்று எழுதியிருக்கும், ரோட்டோரம் பெயர்ந்து கிடக்கும் துண்டை ஸ்கேல் வைத்து அளந்தால் 25 கூட இருக்காது.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எஸ்டிமேட், எம்-புக் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை மூன்றின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. எதற்குக் கேட்கிறாய் என்று உங்களிடம் காரணம் கேட்க முடியாது. பலருக்குத் தெரியாத ஒன்று, அந்தச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவுப்படி வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றளித்த மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ரோட்டைத் தோண்டி மாதிரி எடுக்க மனுப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே சில இடங்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்ச் வேலை நடக்கும், அதுவும் ஒருவகையில் லாபம்தான்.

இன்னொரு விஷயம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும், ரோடு மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளர் எல்லாத் துறைகளுக்கும் உத்தரவு அனுப்பினார். மில்லிங் என்பார்கள். மில்லிங் செய்ததாகப் பில் போட்டுவிட்டு மேலேயே தார் ஊற்றிவிட்டுப் போவதும் உண்டு. வேலைக்கு முந்தின நாள் உங்கள் கடைப் படியின் உயரத்தை ஸ்கேலோடு சேர்த்து ஒரு போட்டோ எடுங்கள், முடிந்தபின் அதே இடத்தில் இன்னொன்று. ஓட்டு கேட்டு வருகிறவரிடம் அந்த இரண்டு போட்டோவையும் எம்-புக் நகலையும் மூன்றாக வரிசையாக வைத்து, 'நீங்கள் கவுன்சிலராக இருந்தால் இந்தப் பில்லை என்ன செய்வீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். பதவியில் இருந்தவரே மறுபடி நின்றால் 'என்ன செய்தீர்கள்?'

மதுரை மாநகராட்சிச் சொத்து வரி விவகாரத்துக்குப் பிறகு எந்தக் கட்சி மேலும் நம்பிக்கை இல்லை. யாருக்குப் போட்டாலும் இதே கதைதானே?
*- தனியார் நிறுவன ஊழியர், மதுரை*

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்ற ஊர்க்காரர்களுக்கும் தெரிய வேண்டும். பெரிய வணிகக் கட்டடங்களின் சொத்து வரியை, அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்திக் கணினியில் குறைத்துவிட்டதாகப் புகார். மாநகராட்சி நிர்வாகமே போலீசுக்குப் போனது. 2025 ஜூலையில் மண்டலத் தலைவர்கள் ராஜினாமா செய்தார்கள், ஆகஸ்டில் மேயரின் கணவர் கைதானார், அக்டோபரில் மேயரும் பதவி விலகினார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. வரிக் குறைப்பு என்பது ரகசியமாக நடக்கிற காரியமே இல்லை, ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரிவிதிப்பு எண் உண்டு, பரப்பு உண்டு, அரையாண்டு வரித் தொகை உண்டு. ஒரு வார்டில் இந்த வருஷம் யார் யாருக்கு வரி குறைந்தது என்ற பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், நான்கு மாடிக் கல்யாண மண்டபத்துக்கு ஓட்டு வீட்டு வரி போட்டிருப்பதைப் பக்கத்து டீக்கடைக்காரரே கண்டுபிடித்திருப்பார். ஆகவே உங்கள் வேட்பாளர்களிடம் இந்தப் பட்டியலைக் கேளுங்கள். உரிமையாளர் பெயர் தனிப்பட்ட தகவல் என்று இழுத்தடிப்பார்கள், பெயரே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கதவு எண், பரப்பு, பழைய வரி, புதிய வரி, குறைத்ததற்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பதவி போதும்.

யாருக்குப் போட்டாலும் இதே கதை என்று சொல்வது, தப்புச் செய்கிறவருக்கு நாம் தருகிற சலுகை.

நோட்டாவுக்குப் போட்டால் என்ன?
*- கல்லூரி மாணவி, வேலூர்*

2022 நகர்ப்புறத் தேர்தலில் இயந்திரத்தில் அந்தப் பொத்தானே இல்லை. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.

இந்தக் கவுன்சிலர்களே வேண்டாம் சார். மன்றத்தைக் கலைத்துவிட்டு நல்ல ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரிடம் கொடுத்தால் ஊர் சுத்தமாகிவிடும். ஏன் யாரும் இதைப் பேசுவதில்லை?
*- மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்*

பேசவில்லையா? செய்தே பார்த்துவிட்டோம் தம்பி, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

1970-களின் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சியில் மஸ்டர் ரோல் ஊழல் என்று ஒன்று வெடித்தது. மஸ்டர் ரோல் என்றால் தினக்கூலிக்காரர்களின் வருகைப் பதிவேடு, வேலைக்கே வராத ஆட்களின் பெயரை எழுதிக் கூலி எடுத்த விவகாரம். 1973-ல் அரசு மன்றத்தைக் கலைத்தது. தப்புச் செய்தவர்கள் மேல் நடவடிக்கை எடுத்து, ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ புதுத் தேர்தல் வைத்திருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அடுத்த தேர்தல் நடந்தது 1996-ல். 23 வருஷம்! அப்போது பிறந்த பிள்ளை கல்யாண வயசுக்கு வந்துவிட்டது, ஊருக்கு ஒரு கவுன்சிலர் இல்லை. அந்தப் போலிப் பெயர்களுக்குத் தண்டனை அனுபவித்தது சென்னையின் அத்தனை வாக்காளர்களும்தான். திருடியவர்கள் பாட்டுக்கு வீட்டில் இருந்தார்கள்.

இரண்டாவது தடவை நம் கண் முன்னாலேயே நடந்தது. 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குறை இருக்கிறது என்று தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, சரி, குறையைத் திருத்தித் தேர்தல் வைக்க எவ்வளவு நாளாகும்? நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரி வரை ஆனது. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2021 நவம்பர் மழையில் சென்னையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது மக்கள் திட்டுவதற்குக்கூட வார்டில் ஆள் இல்லை. அப்போது ஊர் சுத்தமாக இருந்ததா என்றால், அந்தக் காலத்து ஸ்மார்ட் சிட்டி வேலைகளை விசாரிக்க 2022-ல் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் குழு போட வேண்டியிருந்தது.

அதிகாரி எல்லாரும் மோசம் என்று சொல்ல வரவில்லை, கவுன்சிலரை விட நேர்மையான கமிஷனர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவருக்கு ஒரு நாள் டிரான்ஸ்ஃபர் வரும், போய்விடுவார். அவர் வாசலில் போய் நிற்க உங்களுக்கு ஓட்டு என்கிற உரிமையும் கிடையாது. நீங்கள் போராட வேண்டியது மன்றத்தை ஒழிக்க இல்லை, காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தியே தீர வேண்டும் என்பதற்கு. அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு அதைத்தான் சொல்கிறது. எந்தக் கட்சியின் அறிக்கையில் அந்த ஒரு வரி இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

வீடு கட்டுகிறேன். மணல் இறக்கிய மறுநாளே 'அண்ணன் அனுப்பினார்' என்று ஒருவர் வந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார். கொடுக்காவிட்டால் வேலையை நிறுத்துவார்களாம். பெயர், ஊர் போட வேண்டாம்.

போடவில்லை. 'அண்ணன்' என்றால் கவுன்சிலர்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டட அனுமதிக்கும் கவுன்சிலருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர் கையெழுத்து எந்தக் கட்டத்திலும் தேவையில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்தில் சுயசான்று கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளலாம், உங்கள் வீடு அதற்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். அனுமதிப்படி கட்டுகிறீர்களா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் அரை அடி தின்றிருந்தால் வந்தவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். இந்த வசூலில் பாதி நம்முடைய அந்த அரை அடியில்தான் ஓடுகிறது.

எல்லாம் சரியாக இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். 2018-ல் சட்டம் மாறிய பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஆனால் மிரட்டலுக்குப் பயந்து கொடுத்திருந்தால், கொடுத்த 7 நாளுக்குள் போய்ச் சொல்லிவிட்டால் உங்கள் மேல் வராது. கொடுக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டு அவர்கள் ஏற்பாட்டில் கொடுத்தாலும் பாதுகாப்பு உண்டு. இது தவிர உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகாருக்கென்றே 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறைமன்ற நடுவம் என்று ஒன்று சென்னையில் இருக்கிறது. இத்தனை வருஷமாகியும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. தேர்தல் கூட்டத்தில் வேட்பாளரிடம் 'முறைமன்ற நடுவம் எங்கே இருக்கிறது, அதன் விலாசத்தை வார்டு அலுவலகத்தில் எழுதிப் போடுவீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று எழுதுங்கள்.

கவுன்சிலருக்கு ஒழுங்கான சம்பளம் இல்லை. அப்புறம் எப்படிக் கை சுத்தமாக இருக்கும்?
*- வங்கி ஊழியர், திருச்சி*

நியாயமான கேள்வி, ஆனால் பாதிதான் நியாயம். 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சி மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000 ரூபாய் மதிப்பூதியம். பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 ரூபாய். முழுநேரம் மக்கள் வேலை பார்க்கிற ஒருவருக்கு இது போதாது, கூட்ட வேண்டும் என்பதுதான் என் கருத்தும்.

மீதிப் பாதியைப் பாருங்கள். ஐந்து வருஷம் முழுசாக மாதம் 10,000 வாங்கினாலும் மொத்தம் 6 லட்சம். 2022-ல் சென்னை வார்டு வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 90,000 ரூபாய். அந்த 90,000-க்குள் தேர்தல் முடிந்தது என்று சொன்னால் உங்கள் தெருவில் பிரியாணி வாங்கிக் கொடுத்தவரே சிரிப்பார். கோவையில் அந்தத் தேர்தலில் ஹாட்பாக்ஸும் கொலுசும் வீடு வீடாகப் போயின என்று எதிர்க்கட்சிகள் போட்ட சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். சம்பளத்தை மூன்று மடங்காக்கினாலும் அந்த முதலீடு திரும்பாது, ஆக அவர் அதைச் சம்பளத்திலிருந்து எடுக்க நினைக்கவே இல்லை.

செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். யாராவது போய் அந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் மாதிரி வங்கியில் வேலை பார்த்துப் பழகியவர்கள் இரண்டு பேர், பிரச்சார நாட்களில் தெருவில் வந்த ஆட்டோ, மேளம், பிளக்ஸ், நாற்காலி எல்லாவற்றையும் போட்டோவோடு எண்ணி வைத்து, பிறகு வேட்பாளர் கொடுத்த கணக்கோடு ஒப்பிட்டு ஒரு பக்கத்துக்கு எழுதினால் போதும், இந்தப் பத்திரிகையில் போடுவது என் பொறுப்பு.

பகுதி சபை என்று ஒன்று உண்டாமே, எங்கள் வார்டில் நடந்ததாகவே தெரியவில்லை.
*- இல்லத்தரசி, தாம்பரம்*

உங்கள் மாநகராட்சியிலேயே, பம்மலில், 2022 நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று முதலமைச்சரே வந்து உட்கார்ந்து பகுதி சபை நடந்ததம்மா. கிராமசபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று பல அமைப்புகள் வருஷக் கணக்காகக் கேட்டு அதே வருஷம்தான் விதிகள் வந்தன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பிரதிநிதி, அவர்கள் சேர்ந்து வார்டு கமிட்டி, அதற்குக் கவுன்சிலர் தலைவர்.

ஓட்டை எங்கே என்றால், அந்தப் பிரதிநிதியை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். நடைமுறையில் கவுன்சிலருக்கு வேண்டிய ஆள் வந்து உட்கார்வார். கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கவுன்சிலரின் ஆள்! சட்டத்தை மாற்றும் வரை காத்திருக்க வேண்டாம், பகுதி மக்கள் கூடிக் கைதூக்கிச் சொல்கிற ஆளையே நான் பரிந்துரைப்பேன் என்று வேட்பாளர் எழுதித் தரலாம், எந்த விதியும் தடுக்கவில்லை. கூட்டத் தேதியை ஒரு வாரம் முன்னால் தெரிவிப்பது, தீர்மானங்களை நோட்டில் எழுதி அங்கேயே படித்துக் காட்டுவது, அடுத்த கூட்டத்தில் என்ன ஆச்சு என்று சொல்வது, இந்த மூன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வார்டு கவுன்சிலர் பெண். ஆனால் எல்லாம் அவர் கணவர்தான். போன் எடுப்பதும் அவரே.
*- ஆட்டோ ஓட்டுநர், சேலம்*

பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது, வீட்டுக்காரர்களுக்கு என்று எந்தச் சட்டமும் வரவில்லை. மனுவைக் கவுன்சிலர் அம்மாவின் பெயருக்கே எழுதுங்கள், அவர் கையால் தேதி போட்டு வாங்கச் சொல்லுங்கள். பிரச்சாரத்துக்கு வரும்போது அண்ணன் பதில் சொல்ல ஆரம்பித்தால், 'அண்ணே, அக்கா பேசட்டும்' என்று நாலு பேர் சேர்ந்து சொன்னால் போதும். சொந்த மூளையில் வார்டை நடத்துகிற பெண் கவுன்சிலர்களும் நிறைய இருக்கிறார்கள், அவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசிவிடாதீர்கள்.

எல்லாரிடமும் காசை வாங்கிக்கொண்டு நல்லவருக்கு ஓட்டுப் போட்டால் தப்பா?
*- பெயர் எழுதாதவர், ஈரோடு*

சட்டப்படி வாங்குவதும் குற்றம்தான். அது போகட்டும், எல்லாரிடமும் வாங்கப் போகிறீர்கள் என்றால் காசே கொடுக்காத அந்த நல்லவர் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, பிறகு என்னிடம் எதற்குக் கேட்கிறீர்கள்?

பேசாமல் நானே சுயேச்சையாக நின்றுவிடலாமா என்று பார்க்கிறேன். என்ன தேவை?
*- தையல் கடை நடத்துபவர், 34, பல்லாவரம்*

நில்லுங்கள்! 21 வயது ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு ஆகிவிட்டது. அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், கடைசி நாளில் பார்த்து அழுதவர்கள் உண்டு. 2022-ல் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி; இந்த முறை மாறியிருந்தால் அறிவிக்கையில் வரும். சொத்து வரி, தண்ணீர் வரி பாக்கி இருந்தால் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், பரிசீலனை நாளில் எதிராளியின் வக்கீல் முதலில் கிளப்புவது அதைத்தான். வார்டு பெண்களுக்கா, பொதுவா, பட்டியல் சாதியினருக்கா என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறும், அந்த அரசாணை வரும் வரை நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஆவடி அம்மாவுக்குச் சொன்ன போர்டு, மைத்துனன், வருடாந்திரச் சொத்துப் பட்டியல் மூன்றையும் முதல் ஆளாக நீங்களே கையெழுத்துப் போட்டுக் கடை வாசலில் ஒட்டிவிட்டால், மற்ற வேட்பாளர்களிடம் கேட்கும் வேலையை உங்கள் வாடிக்கையாளர்களே பார்த்துக்கொள்வார்கள்.